புள்ளி போட்ட பூசணிக்காய்

ஓவியக் கண்காட்சி என்றதும் சுவரில் வரிசையாகத் தொங்கும் படங்களே நம் நினைவுக்கு வரும். ஆனால் புள்ளிகளையும் பூசணிக்காயையும் கண்ணாடியையும் கொண்டே உலகை வியக்க வைத்தவர் ஜப்பானிய ஓவியர் யயோய் குசாமா.

இவர் 1929ஆம் ஆண்டு மட்சுமோட்டோ நகரில், விதை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் இல்லாத காட்சிகள் இவர் கண்முன் தோன்றி அச்சுறுத்தின. மேஜை விரிப்பிலிருந்த சிவப்புப் பூக்கள் சுவர், கூரை, தம் உடல் எங்கும் பரவுவதாகக் கண்டாராம். அந்தப் பயத்தை வெல்ல, கண்டதையெல்லாம் வரைந்தார். தாயாரோ அதை விரும்பாமல் படங்களைக் கிழித்தெறிந்தார். ஆயினும் குசாமா வரைவதை விடவில்லை. 1957இல் அமெரிக்கா சென்றார்.

1966இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடந்த உலகக் கலைக் கண்காட்சியில், புல்வெளியில் 1500 கண்ணாடி உருண்டைகளைப் பரப்பி, ஒன்று 1200 லிரா என்று விற்றார். உருண்டைக்குள் தெரிவது பார்ப்பவரின் முகமே! தற்பெருமையையும், கலை விலைபொருளாவதையும் இவ்வாறு கேலி செய்தார். அதிகாரிகள் விற்பனையைத் தடுத்துவிட்டனர்.

இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 1993இல் அதே வெனிஸுக்கு ஜப்பான் நாடே இவரைத் தன் பிரதிநிதியாக அனுப்பியது. அங்குள்ள ஜப்பானியக் கூடம் இவர் ஒருவருக்கெனவே ஒதுக்கப்பட்டது. மஞ்சள் அறை முழுவதும் கறுப்புப் புள்ளிகள். நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் சிறு சன்னல் வழியே எட்டிப் பார்த்தால், உள்ளிருக்கும் பூசணிக்காய்கள் கண்ணாடிகளில் பிரதிபலித்து முடிவில்லாத தோட்டமாய் விரியும். அறைக்குப் பொருத்தமான உடையணிந்து, வந்தவர்களுக்குச் சிறு பூசணிக்காய்களையும் வழங்கினார்.

ஏன் இத்தனை புள்ளிகள்? அஞ்சிய ஒன்றைத் திரும்பத் திரும்ப வரைந்தால் அச்சம் தேயும் என்பது இவர் கண்ட வழி. மேலும், விண்மீன்களுக்கு நடுவே நம் பூமியும் ஒரு புள்ளிதானே என்பார். 2002இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், சிறுவர்களுக்காக ஓர் அறையைத் தளவாடங்கள் உட்பட வெள்ளையாக்கி, ஒட்டுவதற்கு வண்ணப் புள்ளிகளைத் தந்தார். குழந்தைகள் ஒட்ட ஒட்ட, அறையே வண்ணத்தில் மறைந்தது!

தோழியரே, விசித்திரமான கலையைக் கண்டால் தாராளமாகச் சிரிப்போம். பின்னர் 'ஏன் இப்படி?' என்றும் கேட்போம். அன்புள்ள பெற்றோரே, எங்கள் நோட்டுப் புத்தக ஓரங்களில் கிறுக்கல்களைக் கண்டால் கிழிப்பதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். இறைவன் தந்த தாலந்து அதிலும் ஒளிந்திருக்கலாம் அல்லவா?