தரைக்குள் நம்மவர் கட்டிய ஊர்: கோலார் தங்கவயல்

மைசூர் என்றதும் நமக்கு அரண்மனைதான் ஞாபகம் வரும். அந்த சமஸ்தானத்துக்குப் பொன் கொடுத்த இன்னொரு கட்டுமானம் தரைக்குள்ளே இருந்தது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் காலூன்றிற்று. வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து நம்மவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். 1902-இல் சிவசமுத்திரம் மின்சாரம் முதலில் போனது இந்தச் சுரங்கத்துக்குத்தான். பெங்களூருக்கு 1905-இல்தான் வெளிச்சம்!

அமைப்பைக் கேளுங்கள். மேலே இரும்புக் கோபுரம், உச்சியில் சக்கரம். அதில் ஓடும் கம்பிவடம் ஆட்களைக் கூண்டோடு இறக்கும். குழியிலிருந்து மட்டத்துக்கு மட்டம் குறுக்குச் சுரங்கங்கள் பிரியும். தாது எடுத்த வெற்றிடத்தை முதலில் மரம் தாங்கிற்று. ஆழம் கூடப் பாறை வெடித்துச் சிதறவே, கருங்கல் சுவர் அடுக்கினார்கள். சாம்பியன் ரீப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று.

2001 பிப்ரவரி 28-இல் மூடிவிட்டார்கள். 120 வருஷத்தில் வெளிவந்த பொன் 800 டன் சொச்சம். பொன் பிரித்த மிச்சத்தூள் சயனைடு மேடாக இன்னும் நிற்கிறது. கல்தூசியை நெஞ்சில் வாங்கியவர்களுக்கு மிஞ்சியது இருமல்தான்.

அரண்மனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். ஒருதரம் அந்த மேட்டையும் காட்டுங்கள். அதுவும் நம் தாத்தாக்களின் கைவேலைதான்.