பாண்டூனா, பௌரைடரா?

அமெரிக்காவின் மின்னஸோட்டா ராஜ்யத்துக்குப் 'பதினாயிரம் ஏரி நாடு' என்று பெயர். எண்ணிப் பார்த்தால் 11,000-க்கும் மேல்! கோடை பிறந்ததும் அங்குள்ள குடும்பஸ்தர்களைப் பிடித்தாட்டும் கேள்வி, எந்த மோட்டார்ப் படகு வாங்குவது என்பதே.

பௌரைடர் கூரிய அடிப்பாகமுடையது. அலையைக் கிழித்துப் பாயும். கயிற்றைப் பற்றி நீர்மேல் சறுக்கும் வாலிபர்களுக்கு அதில்தான் பிரியம். ஆனால் கரையோரத்தில் அது ஆடும் ஆட்டத்தில் பாட்டிமார் ஏறி இறங்குவது பெரும்பாடு!

பாண்டூனோ மிதக்கும் திண்ணை. 1952-ல் இதே ராஜ்யத்தில் ஆம்ப்ரோஸ் வீரெஸ் என்பவர் இரண்டு எஃகு உருளைகளின்மீது மரத்தளம் அமைத்தார். அதன் சந்ததிதான் இது. சமதளம், சுற்றிலும் கம்பி வேலி, சாய்ந்துகொள்ள ஆசனங்கள். சிற்றேரியில், பெரியவர்களும் குழந்தைகளுமாகச் செல்வோர்க்கு இதுவே தக்கது என்பது நமது அபிப்பிராயம். சுபீரியர் போன்ற மகா ஏரியின் அலைக்கு மட்டும் இது ஆகாது.

ஆயினும் ஓர் அபாயத்தை அவசியம் சொல்ல வேண்டும். படகு ஓடும்போது முன்வேலிக்கு வெளியே அமர்ந்து காலைத் தொங்கவிடுவது பலருக்கு வேடிக்கை. வேகம் சட்டென்று குறைந்தால் முன்புறம் தாழும். உட்கார்ந்திருப்பவர் நிலைதவறி விழுவார். விழுந்தவர்மீதே படகு செல்லும். இரு உருளைகளுக்கும் நடுவே அகப்பட்டவரைப் பின்னால் சுழலும் எஞ்சின் விசிறி பதம் பார்த்துவிடும். ஆகவே எஞ்சின் ஓடும்வரை முன்கதவு சாத்தியிருக்கட்டும். ஓடும் படகில் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மிதவைச் சட்டை அணிய வேண்டுமென்பது அவ்விடத்துச் சட்டம். பெரியவர்களுக்கு ஏன் விலக்கு அளித்தார்களோ!