பல் அறுவைச் சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

பல் அறுவைச் சிகிச்சைக்கு முன்பு நோயாளிக்கு என்னென்ன சொல்லப்பட வேண்டும் என்பதே நமது தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நான் பேசிய தலைப்பு. நேரம் போதாமல் விடுபட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். முதலில் என் சொந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைப்பை நான் கேட்டு வாங்கியதற்கு அதுதான் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கீழ்த்தாடையில் ஞானப்பல் ஒன்று படுத்தவாக்கில் முளைத்து எனக்குத் தொல்லை கொடுத்தது. கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். "எடுத்துவிடலாம், சின்ன ஆப்பரேஷன்தான்" என்றார் டாக்டர். நாற்காலியில் சாய்ந்த பிறகு தாதி ஒருவர் ஒரு தாளை நீட்டி, "இங்கே சைன் பண்ணுங்க மிஸ்" என்றார். படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். பல் நல்லபடியாக வந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலையிலும் கீழுதட்டின் ஒரு பாதியும் மோவாயும் மரத்துக் கிடந்தன. அந்த மரமரப்பு முழுதாக விலக ஏறக்குறைய ஐந்து மாதம் பிடித்தது.

என் வாய் கோணவில்லை. திரையில் பார்த்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். உதடு சேர்ந்தால்தான் 'ப'வும் 'ம'வும் பிறக்கும். உதடு ஒட்டியதா இல்லையா என்றே உணர முடியாமல் நேரலையில் பேச வேண்டியிருந்தது. காப்பி குடித்தால் மோவாயில் வழிவதுகூடத் தெரியாது. பேச்சையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த ஐந்து மாதமும் பெரும் பயமாகவே கழிந்தது.

டாக்டர் தவறு செய்தாரா?

அப்படிச் சொல்ல நான் வரவில்லை. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் போன்ற பாதையில் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்புதான். ஞானப்பல்லின் வேர் சிலருக்கு இந்த நரம்பை ஒட்டியே இருக்கும். தாடையின் உட்புறத்தில், நாக்கின் உணர்வுக்கும் சுவைக்கும் உரிய இன்னொரு நரம்பும் செல்கிறது. எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் இந்த நரம்புகள் நசுங்கவோ இழுபடவோ வாய்ப்பு உண்டு. தற்காலிக மரமரப்பு நூறில் சிலருக்கு வருகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாகத் தங்குவது பொதுவாக நூறில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வேர் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து கூடும்.

ஆகவே எனக்கு நேர்ந்தது, நடக்கக்கூடிய ஒன்றுதான். என் வருத்தம் வேறு. அப்படி நடக்கலாம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாரும் கேட்கவுமில்லை, நானும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அறுவையே வேண்டாம் என்றிருப்பேனா? சந்தேகம்தான். ஆனால் தீபாவளி நிகழ்ச்சிப் பதிவுகள் முடியும் வரை தள்ளிப் போட்டிருப்பேன். முப்பரிமாண ஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேட்டிருப்பேன். முடிவு என்னுடையதாக இருந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நோயாளிக்கு எந்த ஆபத்தைச் சொல்வது, எதை விடுவது என்பதை முன்பெல்லாம் மருத்துவர்களின் வழக்கத்தை வைத்தே நீதிமன்றங்கள் அளந்தன. "மற்ற டாக்டர்களும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்று பொறுப்புள்ள மருத்துவர்கள் சாட்சி சொன்னால் போதும் என்ற நிலை இருந்தது. 1957ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கொன்றிலிருந்து வந்த அளவுகோல் அது.

1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் இதை மாற்றியது. சிறு வயதிலேயே ஒரு கண்ணில் பார்வையை ஏறக்குறைய இழந்துவிட்ட பெண்மணி ஒருவர், அந்தக் கண்ணில் அறுவை செய்துகொண்டார். நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று மீண்டும் மீண்டும் கேட்டவர் அவர். ஏறக்குறைய 14,000 பேரில் ஒருவருக்கு நல்ல கண்ணும் பாதிக்கப்படலாம் என்பதை மருத்துவர் சொல்லவில்லை. அந்த ஒருவராக அவரே ஆகிப்போனார். ஆபத்து அரிதானதா என்பதை மட்டும் பார்க்க முடியாது, அந்த நோயாளிக்கு அது முக்கியமானதா என்பதையும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

நம் மலேசியாவில், முதுகுத்தண்டு அறுவைக்குப் பின் உடல் செயலிழந்த ஒரு பெண்ணின் வழக்கில், 2006 டிசம்பர் இறுதியில் கூட்டரசு நீதிமன்றம் இதே வழியை ஏற்றுக்கொண்டது. 2017இல் அதே நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது. நோயை அறிவதிலும் சிகிச்சை அளிப்பதிலும் பழைய அளவுகோல் நிற்கும். ஆபத்துகளை எடுத்துச் சொல்வதில் நோயாளியின் பக்கம் நின்றே பார்க்க வேண்டும். பல் சிகிச்சைக்கும் இந்தக் கோட்பாடு பொருந்தும். சமையல்காரருக்குச் சுவை, நாதஸ்வரக் கலைஞருக்கு உதடு, ஆசிரியருக்குப் பேச்சு. ஒரே ஆபத்து எல்லாருக்கும் ஒரே எடை அல்ல.

கையெழுத்து மட்டும் போதாது

ஒப்புதல் தாள், விளக்கம் நடந்தது என்பதற்கு ஓர் அடையாளம், அதுவே விளக்கமாகிவிடாது. நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நான் போடுறேன்" என்று மகன் கையெழுத்துப் போடுவார். தெளிந்த மனநிலையில் இருக்கும் 18 வயது நிறைந்தவருக்கு, அவர் தரும் சம்மதம்தான் சம்மதம். மகன் செய்ய வேண்டியது தமிழில் எடுத்துச் சொல்வது. அம்மாவுக்குப் பதிலாக முடிவெடுப்பது அல்ல.

என்னென்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: "இந்தப் பல்லை எடுத்தே ஆக வேண்டுமா?" தொல்லை தராத, நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று 2000ஆம் ஆண்டிலேயே பிரிட்டனின் நைஸ் அமைப்பு வழிகாட்டியது. அதே வேளையில், ஈறு அடிக்கடி வீங்கினாலோ பக்கத்துப் பல் சொத்தையானாலோ, எடுக்காமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது: "வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது?" முழுத்தாடை எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படலாம். மிக நெருக்கமாக இருந்தால், பொருத்தமானவர்களுக்குப் பல்லின் மேல்பாகத்தை மட்டும் அகற்றி வேரை விட்டுவிடும் முறையும் இருக்கிறது. அதிலும், பின்னாளில் வேர் நகர்ந்து மறுபடி அறுவை தேவைப்படும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவது: "பொதுவாக வருவது என்ன, அரிதாக வருவது என்ன?" வீக்கம், வலி, வாய் திறக்கச் சிரமம் ஆகியவை பொதுவானவை. இரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளித்தெரிந்தால் சில நாளில் கடும் வலி வரும். புகைப்பவர்களுக்கு இது அதிகம். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லை எடுக்கும்போது, மூக்கருகே உள்ள காற்றறைக்கு ஓட்டை விழலாம். தாடை எலும்பு முறிவது மிக மிக அரிது.

நான்காவது: "இதைச் செய்யப் போவது யார்? வாய் அறுவை நிபுணரிடம் போவது நல்லதா?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

நாமும் மறைக்கக் கூடாது

கேட்பது நம் உரிமை என்றால், சொல்வது நம் கடமை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா? சொல்லுங்கள், நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் அவசியம் சொல்லுங்கள். அவற்றில் சில, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக் காரணமாகலாம். இனிப்புநீர், ஒவ்வாமை, கர்ப்பம், புகைப்பழக்கம் எதையும் மறைக்க வேண்டாம். உங்கள் தொழிலையும் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

அறுவைக்குப் பின் விறைப்பு ஊசியின் மரமரப்பு சில மணி நேரத்தில் விலகிவிடும். மறுநாளும் இருந்தால் உடனே கிளினிக்கை அழையுங்கள். "தானா சரியாயிடும்" என்று நான் ஒரு வாரம் காத்திருந்தது போல் காத்திருக்காதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பல் டாக்டரிடம் போகவே பயப்படாதீர்கள். கெட்டுப்போன பல்லை வாயில் வைத்துக்கொண்டு அவதிப்படுவது அதைவிட மோசம். ஞானப்பல் அறுவை செய்துகொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லபடியாகவே வீடு திரும்புகிறார்கள்.

சென்ற மாதம் என் அம்மாவுக்குப் பல் எடுக்க வேண்டியிருந்தது. தாளை வாங்கி, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்த அம்மா டாக்டரைப் பார்த்து, "நான் கோயில்ல தேவாரம் பாடுறவ, டாக்டர். நாக்குக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார். டாக்டர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, எக்ஸ்ரேயைக் காட்டிப் பத்து நிமிடம் விளக்கினார். அதன் பிறகுதான் அம்மா பேனாவை எடுத்தார்.

அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள், வாசகர்களே. அது உங்களுக்கு உரியது.