வாங்கின விலைக்குக் காத்திருப்பவர்கள்

"வித்தாத்தானே சார் நஷ்டம்?"

வருமானவரிக் கணக்கு போடும் என் தொழிலில் இதைக் கேட்காமல் ஒரு ஜூலை மாதமும் போவதில்லை. திருநீர்மலையில் என்னிடம் வருபவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நாகல்கேணித் தோல் தொழிற்சாலைகளில் கணக்கெழுதியவர்கள், ஃபோனிலேயே பங்கு வாங்கும் பிள்ளைகள். அவர்களுடைய டீமேட் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: லாபத்தில் இருந்ததை அவசரமாக விற்றிருப்பார்கள், நஷ்டத்தில் இருப்பது அப்படியே கிடக்கும். மனிதர்களின் இந்தப் போக்கை ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-லேயே எழுதிவிட்டார்கள்.

விற்காவிட்டால் நஷ்டமில்லை என்பவர்களுக்கு நான் லட்சுமி விலாஸ் வங்கியைச் சொல்வேன். 1926-ல் கரூரில் தொடங்கியது, நம்ம ஊர் பேங்க் என்ற பாசம் வேறு. 2017-ல் 150 ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு அது. 2017-18-ல் சுமார் 585 கோடி நஷ்டம், அடுத்த ஆண்டு 894 கோடி, அதற்கடுத்த ஆண்டு 836 கோடி. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. அக்டோபரில் இந்தியாபுல்ஸுடன் இணையும் திட்டத்தையும் நிராகரித்தது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே வாக்களித்து ஏழு இயக்குநர்களை வெளியேற்றினார்கள். எதுவும் ரகசியமில்லை, எல்லாம் பேப்பரில் வந்தது.

நவம்பர் 17 அன்று பங்கு 15 ரூபாய் சொச்சத்தில் முடிந்தது. அன்று மாலை, பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு விதித்தார்கள். மறுநாள் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விழக்கூடிய எல்லை வரை விலை விழுந்தது. விற்க நினைத்தவர்களுக்கு வாங்க ஆளில்லை. 27-ஆம் தேதி லட்சுமி விலாஸ், டிபிஎஸ் வங்கியுடன் இணைந்தது. டெபாசிட் போட்டவர்களின் பணம் தப்பியது. பங்கு மூலதனம் முழுவதும் ரத்து. விற்காமலே நஷ்டம்!

காத்திருப்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு கதை உண்டு. திருமங்கையாழ்வார் திருநீர்மலைக்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளமாம். வடிய ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது எங்கள் தலபுராணம். "ஆழ்வாரே காத்திருந்தார் சார்" என்று ஒரு பெரியவர் என்னை மடக்கினார். வெள்ளம் வடியும், கம்பெனியின் கடன் வடியும் என்று யார் சொன்னது?

வாங்கின விலை நமக்குத்தான் தெரியும், சந்தைக்குத் தெரியாது. 100 ரூபாய்ப் பங்கு 40-க்கு வந்தால் பழைய விலைக்குத் திரும்ப 150 சதவீதம் ஏற வேண்டும். ஆகவே நான் கேட்பது ஒன்றே: எதற்காக வாங்கினீர்கள், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? சந்தை மொத்தமும் சரிந்து, கம்பெனி நன்றாகவே ஓடினால் வைத்திருக்கலாம். கடன் ஏறுகிறது, ஆடிட்டர் பாதியில் விலகுகிறார், புரமோட்டர் தன் பங்கை அடமானம் வைக்கிறார் என்றால் விலையைப் பார்க்காமல் வெளியே வாருங்கள். அப்போது ஆவரேஜ் பண்ணுகிறேன் என்று மேலும் வாங்குவதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கும்.

விற்ற நஷ்டத்துக்கு ஒரு பயனும் உண்டு. ஓராண்டுக்குள் விற்ற பங்கின் நஷ்டத்தை எந்த மூலதன ஆதாயத்திலும் கழிக்கலாம். அதற்கு மேல் வைத்திருந்ததை நீண்டகால ஆதாயத்தில் மட்டும். மிச்சத்தை எட்டு ஆண்டு கொண்டுபோகலாம், ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தால். கெடு தாண்டி வந்து "ஏதாவது பண்ணுங்க சார்" என்றால் என்னால் ஒன்றும் பண்ண முடியாது.