ஆற்றங்கரை ஊர்களுக்கு நாம் ஏன் போகிறோம்?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆதரவாளர்களுக்கு,

மருத்துவமனையிலேயே இவ்வளவு தேவைகள் இருக்கும்போது, ஊர் ஊராகப் போய் வருவது எதற்கு என்று சபையார் சிலர் கேட்பதுண்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம் பகுதியைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்நதியின் எட்டுப் பழைய அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் நெல்லுக்கும் வாழைக்கும் தண்ணீர் கொண்டுபோகின்றன. கார், பிசானம் என்னும் இரு பருவங்களே இங்குள்ள ஜனங்களின் நாட்காட்டி. நடவு நாட்களில் கூலியை விட்டுவிட்டு வைத்தியரிடம் போக யாருக்கும் மனம் வராது. காய்ச்சல் என்றால் கடையில் ஒரு மாத்திரை, மறுநாளும் வயல்தான்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. வயல் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், பித்தவெடிப்பு, சிராய்ப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் புகுந்துவிடும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றும். ஆரம்பத்திலேயே வந்தால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற சாதாரண மருந்துகளே குணமாக்கும். தாமதித்தால் மஞ்சள் காமாலை கண்டு, சிறுநீரகம் பழுதாகி, உயிருக்கே மோசம் வரலாம். வெள்ளத்துக்குப்பின் இந்த அபாயம் இன்னும் பெரிது.

2023 டிசம்பரில் வெள்ளத்தைக் கண்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு சிக்கிக்கொண்டது. அந்த வெள்ளத்திலும் அக்கம்பக்கத்துக் கிராமத்தார் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். வந்தவரைப் பசியோடு அனுப்பாத ஜனங்கள் இவர்கள்.

ஆகவே இவர்களைச் சந்திக்க ஒரு முறை உண்டு. காலையில் போனால் வீடு பூட்டியிருக்கும். மாலை நான்கு மணிக்குமேல் போகவேண்டும். திண்ணையில் உட்கார்ந்து, கொடுக்கும் கருப்பட்டிக் காப்பியைக் குடித்து, முதலில் பயிரைப்பற்றி விசாரிக்கவேண்டும். மூன்றாம் முறை போகும்போதுதான், "ஐயா, காலில் ஒரு புண் இருக்கிறது, பாருங்கள்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இத்தனை நடையும்.

பிலிப்பி பட்டணத்தில் பவுல் அப்போஸ்தலன் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே கூடியிருந்த ஸ்திரீகளோடு உட்கார்ந்து பேசினார் (அப். 16). லீதியாள் தன் வீட்டையே அவருக்குத் திறந்துகொடுத்தாள். ஜனங்கள் இருக்கும் இடத்துக்கு முதலில் போனவர் அவரே. வீடு திறந்தது அதற்குப் பிறகு.

உங்கள் காணிக்கை வண்டியின் டீசலாகவும், இரத்தப் பரிசோதனையாகவும், ஒரு வார மாத்திரையாகவும் இந்தத் திண்ணைகளைச் சேருகிறது. பிசான நடவுக்காலத்தில் சேற்றில் நிற்கும் தொழிலாளர்களை உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்