உங்களுக்குத் தெரியுமா? – குன்றின் காடும் ஏரியின் நீரும்

செங்கல்பட்டு வட்டாரத்துக் குன்றுகள் மேற்குத் தொடர்ச்சி மலையோடு ஒப்பிடத் தக்க உயரமுடையவை அல்ல எனினும், அவற்றின் மேலுள்ள காப்புக்காடுகள், அதாவது அரசு எல்லை வகுத்து வனச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கும் காடுகள், அடிவாரத்து ஏரிகளுக்கு வந்துசேரும் நீரின் தெளிவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

இப்பகுதியில் பரவலாகக் காணப்படும் சார்னோகைட் என்னும் கடினப் பாறை (கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இவ்வகையே என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இட்ட பெயர் இது) நுண்துளைகள் ஏறக்குறைய அற்றதாகையால், மழைநீர் அதன் வெடிப்புகளிலும், பாறை சிதைந்து உண்டான மெல்லிய மண்ணடுக்கிலும் மட்டுமே தங்க இயலும். அம்மண்ணைப் பிடித்து நிறுத்துபவை உலர் பசுமைமாறாக் காட்டின் குட்டை மரங்களும் முட்புதர்களுமே. வடகிழக்குப் பருவமழை சில நாள்களிலேயே கொட்டித் தீர்க்கும் இக்கடலோர வட்டாரத்தில், சருகுப் படுகை துளிகளின் வேகத்தைத் தணித்து நீரை மெல்ல உள்ளிறங்கச் செய்கிறது. காடழிந்த சரிவிலோ, மண்துகள்களும் அவற்றோடு ஒட்டிய பாஸ்பரஸும் வரத்துக்கால் வழியே ஏரிக்குள் இறங்கி, ஒருபுறம் கொள்ளளவைக் குறைத்து, மறுபுறம் பாசி பெருக வழிசெய்கின்றன.

எனினும், காடு நீரை உற்பத்தி செய்கிறது என்னும் பொதுநம்பிக்கை மிகையானது. மரங்களும் நீரை உறிஞ்சி ஆவியாக வெளியிடுவதால், ஓடிவரும் மொத்த நீர் வெற்றுச் சரிவைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். சத்து மிகுந்த நீர் எங்கும் தீங்கே என்பதும் இல்லை: வேடந்தாங்கலில் பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீரை உழவர்கள் உரமாகவே மதித்துத் தம் வயல்களுக்குப் பாய்ச்சுகின்றனர்.