குட்டி விருந்தாளிகள் வருகிறார்கள்!

மாலை நாலரை மணி. வாசலில் தடதடவென்று செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டு வால்கள் இரண்டோடு இன்னும் நாலு வால்கள்! "அம்மா, எல்லாருக்கும் பசிக்குது!" என்று என் பெரியவள் குரல் கொடுப்பாள். அடுக்களையில் இருப்பதோ காலையில் மிஞ்சிய இட்லி ஆறும், அரை டப்பா பொரியும்தான். என்ன செய்வது?

இது என் வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் நடக்கிற கதை. உங்கள் வீட்டிலும் நடக்கும்தானே?

நாங்கள் குடியிருப்பது இருங்காட்டுக்கோட்டை. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஊர். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இடம். 1996-ல் ஹூண்டாய் கம்பெனி இங்கே கால் ஊன்றியது. 1998-ல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பிறகு சுற்றுவட்டாரம் முழுக்கத் தொழிற்சாலைகள்தான். என் வீட்டுக்காரருக்கும் ஓர் உதிரிபாகக் கம்பெனியில்தான் ஷிப்ட் வேலை. நெடுஞ்சாலையில் கொரிய மொழியில் பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகளைக்கூடப் பார்க்கலாம். எங்கள் தெருவிலோ மதுரைக்காரர்கள், நெல்லூர்க்காரர்கள், பீகார், ஒடிசாக்காரர்கள் எல்லாரும் உண்டு. ஆகவே என் வீட்டுக்கு வரும் குட்டி விருந்தாளிகளும் பல தினுசு. அவர்களுடைய நாக்கும் பல தினுசு!

ஒருத்தி வெள்ளையாக இருப்பதைத்தான் தொடுவாள். இட்லி, தயிர்சாதம், தேங்காய். சட்னி பட்ட இடத்தை விள்ளி ஓரமாக வைத்துவிடுவாள். நெல்லூர்ப் பையனுக்குக் காரம் போதாது. "இதுல கறிவேப்பிலை இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதிர்வீட்டுப் பெண் வாயையே திறப்பாள். இன்னொருவனுக்கு எதைக் கொடுத்தாலும் "கெச்சப் இருக்கா ஆன்ட்டி?"தான். இத்தனை பேரையும் ஒருவழியாகச் சமாளித்துவிட்டேன். ஒரே ஒரு பையனிடம்தான் தோற்றுப்போனேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அடம் அல்ல, வயசு!

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய 2 வயதிலிருந்து 6 வயது வரை குழந்தைகளுக்குப் புதிய உணவு என்றாலே ஒரு பயம் இருக்கும். அது வளர்ப்பின் குறை அல்ல, வளர்ச்சியில் ஒரு கட்டம். தெரியாத பண்டம் ஒன்று பழகுவதற்குச் சில குழந்தைகளுக்கு எட்டு முதல் பதினைந்து தடவைகூட அதைக் காட்ட வேண்டியிருக்கும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நாமோ இரண்டு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவளுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்!

குழந்தை உணவு நிபுணர் எல்லின் சாட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி இதற்கு ஒரு சுலபமான வழி சொல்லியிருக்கிறார். என்ன உணவு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்க வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கும். அவ்வளவுதான். நம் பிள்ளைகளிடமே இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால், "ஒரே ஒரு வாய்டா கண்ணா!" என்று நம் கை தானாகவே நீளும். நீட்டாதீர்கள்!

தட்டில் போடாதீர்கள், நடுவில் வையுங்கள்

நான் கண்டுபிடித்த முதல் தந்திரம் இது. ஆளுக்கொரு தட்டில் அளந்து வைத்தால், மீதி வைத்த குழந்தைக்கு வெட்கம், நமக்கு வருத்தம். அதற்குப் பதில் கூடத்தில் பாயை விரித்து, நடுவில் மூன்று கிண்ணங்களை வையுங்கள். ஒன்று எல்லாரும் சாப்பிடக்கூடியது (வாழைப்பழம், சாதா இட்லி போல). ஒன்று கொஞ்சம் சத்தானது (சுண்டல், கேழ்வரகு அடை). இன்னொன்று வேடிக்கையானது (பொரி, அவல்). அவரவரே எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் இருப்பவன் சுண்டலைத் தின்பதைப் பார்த்து, சும்மா இருப்பவனும் இரண்டை வாயில் போட்டுக்கொள்வான்.

மிஞ்சின இட்லியைச் சின்னச் சதுரமாக வெட்டி, நல்லெண்ணெயில் பிரட்டிப் பொடி தூவி வைத்தால் ஐந்தே நிமிஷத்தில் கிண்ணம் காலி. அவலை அலசிப் பிழிந்து தேங்காய்த் துருவல், வெல்லம், ஒரு சிட்டிகை ஏலம் சேர்த்தால் அடுப்பே வேண்டாம்.

டம்ளர் இட்லி

காஞ்சிபுரம் எங்களுக்குப் பக்கம். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியின் பெருமை உங்களுக்குத் தெரிந்ததே. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை போட்ட மூங்கில் கூடையில் வேகவைப்பது. அதைப் பிள்ளைகளுக்காக நான் செய்யும் முறை இது:

பச்சரிசி, புழுங்கலரிசி, உளுத்தம்பருப்பு வகைக்கு 1 டம்ளர். நாலு மணி நேரம் ஊறவைத்து, ரவை பதத்துக்குக் கரகரப்பாக அரைத்து, உப்புப் போட்டு இரவு முழுதும் புளிக்க விடவும். காலையில் கால் டம்ளர் தயிர், 2 மேசைக்கரண்டி உருக்கிய நெய், பொடித்த மிளகு அரை தேக்கரண்டி (பெரியவர்களுக்கு என்றால் ஒன்றரை), சீரகம் 1 தேக்கரண்டி, சுக்குப் பொடி அரை தேக்கரண்டி கலக்கவும். கறிவேப்பிலையை முழுசாகப் போடாமல் பொடியாகக் கிள்ளிப் போடுங்கள். எவர்சில்வர் டம்ளர்களில் நெய் தடவி முக்கால் பாகம் மாவு ஊற்றி, ஆவியில் 20 நிமிஷம் வைக்கவும். கத்தியால் குத்திப் பார்த்தால் ஒட்டக்கூடாது. ஆறியதும் கவிழ்த்து, வட்ட வட்டமாக நறுக்கினால் பிஸ்கட் மாதிரி கையில் பிடித்துத் தின்ன வசதி. தொட்டுக்கொள்ள வெல்லப்பாகு வைத்தாலும் சரி, பொடி வைத்தாலும் சரி!

இவற்றில் மட்டும் ஜாக்கிரதை

டீ நேரம் என்றாலும் பிள்ளைகளுக்கு டீ வேண்டாம். டீயில் உள்ள டானின், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு ரத்தசோகை. பனங்கற்கண்டு போட்ட பால், நீர்மோர், எலுமிச்சைச் சாறு இவை போதும்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலை, கெட்டியான கடலை உருண்டை கொடுக்காதீர்கள். புரையேறி மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். கொண்டைக்கடலையை மசித்துவிடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

புதிதாக ஒரு குழந்தை வந்தால் அதன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கடலை, பால், முட்டை ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? முட்டை, பூண்டு, வெங்காயம் அவர்கள் வீட்டு வழக்கத்தில் உண்டா? தின்றவுடன் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் கண்டால் கைவைத்தியம் பார்க்க வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

நான் தோற்ற கதை

இப்போது அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். ஒடிசாக்காரன். ஆறு வயசு. என் பெரியவளோடு அரசுப் பள்ளியில் படிக்கிறான். அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. அம்மா பேக்கிங் வேலைக்குப் போகிறாள். தமிழ் நம்மைப் போலவே பேசுவான். ஆனால் கிண்ணங்களைப் பாயில் வைத்தவுடன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவான்.

"பசிக்கல ஆன்ட்டி."

பஜ்ஜி போட்டேன். "பசிக்கல." கேசரி கிளறினேன். "பசிக்கல." இது என் கைப்பக்குவத்துக்கே சவாலாகப் போய்விட்டது! என் மாமியார்கூட, "அந்தப் பிள்ளைக்கு நம்ம ருசி ஒத்துக்கலை, விடேன்" என்றார். ஆனால் என் மகள் சொன்னதுதான் குழப்பியது. "ஸ்கூல்ல காலைல போடற கிச்சடிய ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிடுவாம்மா!" 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே கிச்சடி, உப்புமா, பொங்கல் எல்லாம் போடுகிறார்களே, அதைச் சொல்கிறாள். பள்ளியில் பிடித்தது என் வீட்டில் ஏன் பிடிக்கவில்லை?

ஒரு நாள் மிகவும் வாடிப்போய் வந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. மடியில் இழுத்து உட்காரவைத்து, "ஒரே ஒரு வாய்டா ராஜா" என்று உப்புமாவை ஊட்டிவிட்டேன். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திணறி, என் புடவையிலேயே வாந்தி எடுத்துவிட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவிட்டான்.

அதன் பிறகு பத்து நாள் வரவில்லை. அந்தச் சின்னச் செருப்பு என் வாசலிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அவன் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தப்பு என்மேலதாம்மா. கட்டாயப்படுத்தி ஊட்டியிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல அக்கா. நான்தான் சொல்லி வெச்சேன், யார் வீட்லயும் கை நீட்டக் கூடாதுன்னு. முன்னாடி இருந்த எடத்துல ஒரு பிஸ்கட் எடுத்துட்டான். 'வீட்ல சோறு போடறதில்லையா'ன்னு ஒரு அம்மா கேட்டுட்டாங்க. அன்னிக்கு அடிச்சிட்டேன் அக்கா இவன."

எனக்குச் சுருக்கென்றது. நான் நாக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தது, அவனுக்குத் தாய் சொல்லைக் காப்பாற்றும் போராட்டம்! பள்ளியில் எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே கரண்டி. அங்கே யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. அதனால்தான் இரண்டு தடவை வாங்கினான்.

'நீ தாராளமாகச் சாப்பிடு' என்று சொல்வதால் இது தீராது என்று தோன்றியது. யோசித்து, "உங்க ஊர்ல சாயங்காலம் பிள்ளைங்களுக்கு என்ன கொடுப்பீங்க? எனக்கும் கத்துக்கொடேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பொரியை அவர்கள் 'முடி' என்கிறார்கள். அதில் கடுகெண்ணெய் இரண்டு சொட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, வறுத்த கடலை. அவலை வறுத்துச் செய்வது 'சூடா பாஜா'. உடனே ஒரு டப்பா நிறையக் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் அந்த டப்பாவைப் பாயின் நடுவில் வைத்து, "இது இவன் வீட்டுப் பலகாரம்" என்றேன். வெங்காயம் என்றாலே ஓடும் என் பெரியவள் முதல் ஆளாகக் கை விட்டாள்! எல்லாரும் தின்று முடித்ததும், அவன் மெதுவாக டம்ளர் இட்லி ஒரு வட்டத்தை எடுத்து வெல்லப்பாகில் தொட்டான். நான் பார்க்காதது போல் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

இப்போது எங்கள் தெருவில் அது வழக்கமாகிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் ஒரு வீட்டுப் பலகாரம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பழமோ பொரியோ கொடுத்தனுப்பினாலும் போதும். எனக்கும் வேலை பாதி குறைந்தது.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வரும் குட்டி விருந்தாளி ஒன்று, "பசிக்கல ஆன்ட்டி" என்று சொன்னால் கரண்டியைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு நாள் அதன் வீட்டுப் பக்கம் போய், அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்களேன்!